கால் விநாடி

மார்ச் 4

வாலு,

உன்னை இப்படிக் கூப்பிட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. வேறு எப்படி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன். பக்கத்து அறையில் அம்மா இருக்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை கடைக்கு ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். புகைப்படப் படிப்பு படிக்கிறாளாம். பையிலிருந்து ஒரு கனமான புத்தகத்தை எடுத்து, அடையாளம் வைத்திருந்த பக்கத்தைப் பிரித்து, "சார், இதை அப்படியே பெரிசாக்கித் தர முடியுமா? ஹாஸ்டல் ரூம்ல மாட்டணும்" என்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன்.

அம்மா.

நம் வீட்டுச் சமையலறை. நடுவில் பெரிதாக அம்மாவின் முகம். வாய் ஏதோ கேட்க வந்து பாதியில் நின்றுவிட்டது. கண்ணில் ஒன்றுமே இல்லை, வீட்டைக் காலி செய்துகொண்டு போன மாதிரி. அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. பெற்ற பிள்ளை பார்க்கக்கூடாத முகம்.

"சூப்பர்ல சார்? இது அவங்க சொந்த அம்மா. அப்பா இறந்துட்டார்னு இவங்களே போய்ச் சொல்லி, அந்தச் செகண்ட்லயே எடுத்திருக்காங்க. எங்க கிளாஸ்ல பாதிப் பேர் இந்த ஸ்டைல்லதான் எடுக்கறோம்."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். கல்லா மேசையைப் பிடித்துக்கொண்டேன். மெஷின் ரிப்பேர், புத்தகம் ஒரு வாரம் இங்கேயே இருக்கட்டும் என்று பொய் சொல்லி அனுப்பினேன். ஷட்டரை இறக்கிவிட்டு உன் முன்னுரையைப் படித்தேன். "அப்பா போய்விட்டார் என்றேன். பட்டனை அழுத்தினேன். என் பாணி அந்த நொடியில் பிறந்தது." உன் எழுத்துதானே இது? நீ சொல்லிக்கொடுத்து வேறு யாராவது எழுதியதா?

அப்பா போய் இந்த இருபத்திரண்டு வருஷமாக நீ இதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் உன் அண்ணி குழந்தையைப் பறிகொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வாசலில் இறங்கினாளே, அன்றைக்கு நீ கேமராவைத் தூக்கினாய். ஏதோ புத்தி கெட்டுப்போய்ச் செய்துவிட்டாய் என்றுதான் உன்னை வீட்டை விட்டுப் போகச் சொன்ன பிறகும் நினைத்துக்கொண்டிருந்தேன். அது உனக்குத் தொழில் என்று நேற்றுதான் தெரிந்தது.

அடுத்த மாதம் உன் படங்களை எல்லாம் சேர்த்துப் பெரிய கண்காட்சி என்று கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறது. அம்மா படம் அதில் இருக்கக்கூடாது. கெஞ்சுகிறேன் என்று வைத்துக்கொள், மிரட்டுகிறேன் என்றும் வைத்துக்கொள்.

அண்ணன்

*

மார்ச் 15

அண்ணா,

உன் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டேன். பிரிக்காமல் கால் மணி நேரம் கையில் வைத்திருந்தேன். படித்து முடித்தபோது கோபம்தான் வந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், முன்னுரை நான் எழுதியதுதான். அந்தப் படம் கண்காட்சியின் நுழைவுச் சுவரில் எட்டடி உயரத்துக்கு வரப்போகிறது. எடுக்க முடியாது.

அப்பா எப்படிப் படமெடுப்பார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாடையைத் தூக்கி, தோளைத் திருப்பி, ஜன்னல் துணியை அரை அங்குலம் இழுத்துவிட்டு, "மூச்சைப் பிடிங்க" என்பார். அப்பா எடுத்த படங்களில் ஊரே நல்லவர்களாக இருந்தது. கடன் வாங்கி ஏமாற்றியவனும் அப்பா படத்தில் தியாகி மாதிரி இருப்பான். எனக்குக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் நேர் எதிர். இருபதடிக்கு இந்தப் பக்கம் வரமாட்டார். அவர் படங்களில் மனிதர்கள் மூடுபனியில் நிற்கும் மரங்கள். ஒரு தலைமுறையே அவரைப் பார்த்துத் தள்ளி நின்று எடுத்தது. இரண்டு பேரும் பெரியவர்கள்தான். இரண்டு பேரிடமும் எனக்குக் குறையாகப் பட்டது ஒன்றே ஒன்று. யாரும் அகப்படவில்லை.

நான் கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்று எடுக்கிறேன். ஒரே லென்ஸ், அகலமானது. ஃபிளாஷ் கிடையாது. அனுமதி கேட்பது கிடையாது. கேட்டால் முகம் மாறிவிடும். ஒருவருக்கு இடி விழும்போது அவர் முகத்துக்கு வேஷம் போட நேரம் இருக்காது. அப்போது ஆள் உறைந்துபோவார். அந்த உறைந்த முகம் ஒன்றுதான் பொய் சொல்லாது. இதை எனக்குக் காட்டிக்கொடுத்தது அம்மாவின் அந்தப் படம். அதைச் சுவரிலிருந்து எடுத்தால் பின்னால் வரும் அறுபத்திரண்டு படத்துக்கும் அர்த்தமில்லை.

என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொள். ஆனால் அண்ணி படத்தை நான் இன்றுவரை பிரிண்ட் போடவில்லை. அதை யாரிடமும் சொல்லி நல்ல பெயர் வாங்கவும் இல்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீ எழுதமாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

வாலு

*

மார்ச் 24

வாலு,

முழங்கால் பரவாயில்லை. மாடிப்படி ஏறுவதுதான் கஷ்டம்.

உன் கடிதத்துக்குச் சுடச்சுட ஒரு பதில் எழுதி, கிழித்துப் போட்டேன். பிறகு புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை ஒழுங்காகப் பார்த்துவிடலாம் என்று எடுத்தேன். இந்தத் தடவை மகனாகப் பார்க்கவில்லை. முப்பது வருஷமாகக் கடையில் நிற்கிறவனாகப் பார்த்தேன், பூதக்கண்ணாடி வைத்து.

குழாய் திறந்திருக்கிறது. தண்ணீர் வெள்ளை நூலாக வழிந்திருக்கிறது. அடுப்புத் தீ மெழுகு உருகின மாதிரி இழுபட்டிருக்கிறது. அந்தச் சமையலறையில் ஒரே பல்பு, சாயங்காலம் ஆறு மணி. அப்பாவின் பழைய கேமரா. ஷட்டரைக் குறைந்தது கால் விநாடி திறந்து வைத்திருப்பாய், சரியா? கால் விநாடி என்றால் நம் தொழிலில் ஒரு யுகம். அதற்குள் அசைகிறதெல்லாம் படத்தில் கலங்கிப்போகும்.

அம்மாவின் கண்ணிமை மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம், வாலு. சோப்பு நுரையோடு இருக்கிற விரலில் நகக்கோடுகூடத் தெரிகிறது.

இடி விழுந்த ஆள் உறைந்துபோவார் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படித் தெரியவில்லை. என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, "அசையாதீங்க" என்றால் பயத்திலேயே அசைகிற ஆட்களை நான் தினம் பார்க்கிறேன். சும்மா இருக்கும்போதே மனிதர்கள் கால் விநாடி அசையாமல் இருக்கமாட்டார்கள். செத்த சேதி கேட்டவள் இருப்பாளா?

இனி எழுதப்போவதை நீ உட்கார்ந்துகொண்டு படி.

அன்றைக்கு மூன்றரை மணிக்கு நீ ஆஸ்பத்திரியிலிருந்து கடைக்குப் போன் செய்தாய். "அம்மாகிட்ட நான் வந்து சொல்றேன், நீ சொல்லிடாதே" என்றாய். சரி என்றேன். என்னால் முடியவில்லை. மேலே போனேன். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடா?" என்றாள். சொல்லிவிட்டேன். மணி நாலு இருக்கும். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நீ அங்கிருந்து கிளம்பியிருந்தாய். வழியில் நம் பஸ்கள் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கும்.

நீ வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மாவுக்குத் தெரிந்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது.

வாக்கு மீறிவிட்டேன் என்ற வெட்கத்தில் உன்னிடம் சொல்லாமல் விட்டேன். அதன்பிறகு அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. உன் புத்தகத்தைப் படிக்கிற வரைக்கும்.

அண்ணன்

*

ஏப்ரல் 1

அண்ணா,

இன்றைய தேதியைப் பார்த்து, விளையாடுகிறாயோ என்று ஒரு கணம் நினைத்தேன். நீ அப்படிச் செய்கிற ஆள் இல்லை.

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தேன். பெரிய பிரிண்ட் நேற்றுதான் வந்திருந்தது. எட்டடி அம்மா சுவரில் சாய்ந்து நிற்கிறாள். போய்ப் பார்த்தேன். குழாய்த் தண்ணீர். நுரை. இமை. எல்லாம் நீ சொன்னபடிதான். இருபத்திரண்டு வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். நான்காயிரம் பேருக்கு இதை வைத்து வகுப்பு எடுத்திருக்கிறேன். "உறைந்துபோவார்கள்" என்று எழுதினேனே, அதற்குப் பிறகு நான் எடுத்த ஒருத்தர்கூட உறையவில்லை அண்ணா. எல்லாரும் அசைந்தார்கள். ஷட்டரை வேகமாக வைத்துத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. ஏன் என்று ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை.

உனக்கு இன்னும் ஒன்று தெரியவேண்டும். முன்னுரையில் இருப்பது பொய். "அப்பா போய்விட்டார்" என்று நான் சொல்லவே இல்லை. இரண்டு பஸ் மாறி வரும்போது அந்த இரண்டு வார்த்தையை எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். வாசலில் நின்றதும் அதில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. நர்ஸ் கொடுத்த பை கையில். அப்பா ஆஸ்பத்திரிக்கும் விடாமல் கொண்டுபோன கேமரா கழுத்தில், பையில் இடமில்லாததால் மாட்டிக்கொண்டது. அம்மா திரும்பினாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டுக் கேமராவைத் தூக்கினேன். அவ்வளவுதான் நடந்தது. சொன்னதாகப் பிறகு ஒரு பேட்டியில் சொன்னேன். கேட்டவர் அசந்துபோனார். அப்படியே நிலைத்துவிட்டது.

அம்மாவிடம் கேள். எனக்கு உடனே தெரிய வேண்டும். என் முன்னால் அவள் நடித்தாளா? முப்பதாம் தேதி திறப்பு விழா.

வாலு

*

ஏப்ரல் 8

வாலு,

கேட்டேன்.

மூன்று நாள் தயங்கினேன். உன் அண்ணிதான், "மறைச்சு வச்சு என்னங்க ஆகப்போகுது, அவங்க மூஞ்சி அவங்களுக்குத் தெரியாதா?" என்று புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். அம்மா கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தைப் பிரித்து மடியில் வைத்தேன். வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், எனக்குப் பார்க்கத் தைரியமில்லை.

பக்கத்தை விரலால் தடவுகிற சத்தம் கேட்டது. பிறகு, "தொட்டியில அவ்வளவு பாத்திரம் கிடக்கே. அதையுமா எல்லாரும் பாக்கறாங்க?" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அம்மா, இதை எடுத்தப்ப உனக்கு ஏற்கெனவே விஷயம் தெரியும்ல? நான்தானே நாலு மணிக்குச் சொன்னேன்?"

"சொன்ன."

"அப்புறம் இந்த மூஞ்சி? அவளுக்காக நடிச்சியா?"

என்னை ஒரு பார்வை பார்த்தாள். சின்ன வயதில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"நடிக்கறதாவது. நீ வந்து சொன்னது காதுல விழுந்துச்சு. உள்ள போகல. நீ பாட்டுக்கு ஓடிட்ட. எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. பாத்திரம் தேச்சேன். தேச்சதையே தேச்சேன். அழுகை வரும் வரும்னு பாக்கறேன், வரல. என்னடா இது, இவ்வளவு கல்லாவா இருக்கோம்னு எனக்கே பயமாயிடுச்சு. அப்புறம் அவ வந்து நின்னா. கையில ஒரு பை. பைக்கு வெளிய உங்கப்பா செருப்பு நீட்டிக்கிட்டு இருந்துச்சு. போகும்போது கால்ல போட்டுக்கிட்டுப் போன செருப்பு. அதைப் பாத்தப்பதான்டா உள்ள போச்சு."

துணியை மடிப்பதை நிறுத்தவில்லை. மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"அவ சொல்ல வாயைத் திறக்கறா, வரல. கேமராவைத் தூக்கறா. கை கிடுகிடுன்னு ஆடுது. கதவு நிலையில முட்டுக் கொடுத்துக்கிட்டா. சரி, அவ நடுக்கம் நின்னுச்சு. இனி நான் அசைஞ்சாத்தான் கெட்டுப்போகும். இருட்டு வேற. உங்கப்பா லைட்டு பாக்கறதுக்கு என்னைத்தானே ஸ்டூல்ல உக்கார வைப்பாரு, எத்தனை வருஷம்? இவ்வளவு இருட்டுன்னா எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியாதா? பாவம், புள்ள எதையோ ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அதாச்சும் அதுக்கு ஒழுங்கா வரட்டும்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டேன். சத்தம் கேட்ட அப்புறம் விட்டேன். அழுதேன். மூஞ்சி என்னோடதுதான். அசையாம நின்னது அவளுக்காக."

இதுதான் அம்மா சொன்னது. ஒரு வார்த்தை நான் சேர்க்கவில்லை.

நீ திருடினாய் என்று ஊரெல்லாம் சொல்கிறது. நீயும் அதைத்தான் பெருமையாக எழுதியிருக்கிறாய். நானும் அதற்குத்தான் உன்னைத் திட்டினேன். நாம் எல்லாருமே தப்பு. அவள் கொடுத்திருக்கிறாள்.

அண்ணன்

*

ஏப்ரல் 17

அண்ணா,

உன் கடிதம் கண்காட்சி மண்டபத்துக்கே வந்து சேர்ந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். ஆட்கள் ஏணியோடு என்னைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள். மண்டபத்துப் பொறுப்பாளர் அம்மாள் வந்து, "யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது. இல்லை என்று தலையாட்டினேன். அந்தக் கேள்வியோடு அவர் கேமராவையும் தூக்கியிருந்தால் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று தோன்றியது. உடனே எழுந்தேன்.

மாட்டியிருந்த படங்களுக்கு முன்னால் ஒவ்வொன்றாகப் போய் நின்றேன். இவர்கள் எனக்குக் கொடுத்தார்களா என்று என்னையே கேட்டேன். பலருக்குப் பதில் தெரியவில்லை. சிலருக்கு நன்றாகத் தெரியும். எரிந்துபோன தொழிற்சாலை வாசலில் ஒருத்தி, "வேணாம்மா, என் புள்ளைங்க பாக்கும்" என்றாள். நான் அதற்குள் எடுத்துவிட்டேன். வெள்ள முகாமில் ஒரு பெரியவர் லென்ஸைக் கையால் மூடினார். கை விலகும்வரை காத்திருந்து எடுத்தேன். அந்தப் படத்துக்குப் பரிசு கிடைத்தது. இப்படி வேண்டாம் என்று வாயால், கையால், கண்ணால் சொன்னவர்கள் பதினொரு பேர். பதினொன்றையும் சுவரிலிருந்து இறக்கினேன்.

பொறுப்பாளருக்கு முகம் வெளிறிவிட்டது. "உங்க ஸ்டைலே இதுதான். இதை எடுத்துட்டா என்ன மிஞ்சும்?" என்றார். தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது அண்ணா. நாற்பத்தி மூன்று வயதில் என் வேலை என்ன என்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

முன்னுரையில் இருக்கும் பொய்யை ஒப்புக்கொண்டு ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். வாசலில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இந்த உறையில் ஒரு நெகட்டிவ் துண்டு இருக்கிறது. அண்ணியுடையது. நான் வைத்துக்கொள்ள உரிமையில்லை. கிழிக்கவும் எனக்கு உரிமையில்லை. அண்ணியிடம் கொடு. மன்னிப்பு என்று எழுதினால் சின்னதாக இருக்கிறது, அதனால் எழுதவில்லை.

அம்மா படம் இன்னும் சுவரில் சாய்ந்தே நிற்கிறது. அவள் சொன்னால்தான் மாட்டுவேன். இந்தத் தடவை கேட்கிறேன் என்று சொல்.

வாலு

*

ஏப்ரல் 23

வாலு,

முதலில் அண்ணி. நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நான் பக்கத்தில் போனதும் கையைத் தாழ்த்திக்கொண்டாள். "நீங்க பாக்க வேணாம்" என்றாள். பீரோவில் தன் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் உன்னைப் பற்றி, "அவ அங்க ஒழுங்கா சாப்பிடறாளாமா?" என்று கேட்டாள். இப்போதைக்கு அதை வைத்துக்கொள்.

அம்மாவிடம் நீ கேட்டதைக் கேட்டேன். "மாட்டட்டும்" என்றாள். ஆனால் படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று விசாரித்தாள். "செய்தி கேட்ட கணம்" என்று படித்துக் காட்டினேன். "அது தப்பு. கேட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுன்னு எழுதச் சொல்லு. தப்பா எழுதி எட்டடிக்கு மாட்டினா அசிங்கம்" என்றாள். அப்படியே எழுதிவிடு. மூன்று பேரும் இருபத்தொன்பதாம் தேதி சாயங்காலம் வந்து இறங்குகிறோம். அம்மா படி ஏறமாட்டாள், கீழ்த்தளத்தில் அறை பார்.

இன்னொன்று இருக்கிறது. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியாது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நீ போன் செய்தபோது கடையில் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவர். நாற்பது வயது இருக்கும், சாம்பல் நிறச் சட்டை. நீ சொன்னதைக் கேட்டேன். சரி என்றேன். ரிசீவரை வைத்தேன். வைத்துவிட்டு நேராக மேலே அம்மாவிடம் போனதாகத்தான் உனக்கு எழுதினேன். போகவில்லை.

கேமராவுக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. போய் அதைச் சரி செய்தேன். என் முகத்தைக் கிட்டத்தில் பார்த்த அவர் பதறிப்போய் எழுந்தார். "தம்பி, என்னாச்சு? யாருக்கு என்ன?" என்று கேட்டார்.

நான், "அசையாதீங்க சார், உக்காருங்க" என்றேன்.

அவர் உட்கார்ந்தார். எடுத்தேன். கண் சிமிட்டிவிட்டார். இன்னொன்று எடுத்தேன். ரசீது எழுதினேன். வியாழக்கிழமை வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் வாசல்வரை போய்த் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவர் போன பிறகுதான் மாடிப்படி ஏறினேன்.

அப்பா போன சேதியைக் கேட்ட கணத்தில் என் முகத்தைப் பார்த்தவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். பெயர் நினைவில்லை. காரியமெல்லாம் முடிந்து அவர் படத்தைக் கழுவி எடுத்தேன். பாஸ்போர்ட்டுக்கு லாயக்கில்லாத படம். கண் லென்ஸைப் பார்க்கவில்லை. கொஞ்சம் மேலே, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நம் வீட்டு ஆட்கள் யாரும் அன்றைக்கு என்னை அப்படிப் பார்க்கவில்லை. இன்னொன்று எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதையே வெட்டி உறையில் போட்டுக் கொடுத்தேன். அவர் பிரித்துப் பார்த்தார், என் தோளில் கை வைத்தார், போய்விட்டார்.

அண்ணன்